சட்டசபையில் ஒரு டாக்டரம்மா

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு என்னிடம் கேட்டது "மக்கள் பிரதிநிதிகளும் மக்கள் தொண்டும்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. கல்வெட்டு, பழைய முகத்தல் அளவைகள் என்று ஏதோ எனக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டிருந்த பாத்திரக் கடைக்காரனிடம் போய் இந்தத் தலைப்பைக் கொடுக்கிறார்களே என்று முதலில் தயங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், இந்த விஷயம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்று பட்டது.

2009-ல் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, நம் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்த ஒரு பள்ளியில் ஓர் அறை கிடைக்குமா என்று கேட்டு நாங்கள் ஐந்து பேர் மனு எழுதிக்கொண்டு ஒரு பிரமுகரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். மனுவைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "உங்க ஆளுங்க இந்த வார்டுல எத்தனை ஓட்டு?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாதிப் பேருக்கு ஊரில் ஓட்டு, மீதிப் பேருக்கு வீடு மாறியதில் பட்டியலில் பெயரே இல்லை. மனு அந்த மேஜையிலேயே தங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், வியாபாரத்தில் நாங்களும் வாங்கப்போகிறவனைத்தான் முதலில் கவனிக்கிறோம். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் என் மனசில் ஒரு பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. தொகுதி என்று ஒன்று இல்லாமல், யாருடைய ஓட்டையும் கணக்குப் பண்ணாமல், சட்டசபையில் மூன்றரை வருஷம் உட்கார்ந்துவிட்டுப் போன ஓர் அம்மையாரின் பெயர்.

அந்தப் பெயரை நான் முதன்முதலில் நின்று படித்தது 1996-ல், சென்னை அடையாறில். என் அக்காவுக்கு மார்பில் கட்டி. இங்கே பார்த்த டாக்டர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னதும், மும்பையிலிருந்து புணே வழியாகப் போகும் மெயிலில் ஏறிவிட்டோம். குண்டக்கல் தாண்டும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. மருத்துவமனையில் சீட்டு எழுதிக் காத்திருந்தபோது பக்கத்து பெஞ்சில் ஆந்திராக்காரர்கள், கேரளத்துக்காரர்கள், எங்கள் வந்தவாசிப் பக்கத்துக் குடியானவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள். "ஏன்டா தம்பி, இவ்ளோ பெரிசா இதை யாரு கட்டினாங்க? கவர்மெண்டா?" எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ச் சுவரில் இருந்ததைப் படித்துவிட்டு வந்து, "டாக்டர் முத்துலட்சுமி ரெட்டின்னு ஒரு அம்மா" என்றேன். "பொம்பளையா!" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த அம்மையாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவருகிறேன்.

முத்துலட்சுமி பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டை சமஸ்தானத்தில். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அந்தக் குலத்துப் பெண்களில் சிலர் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படுவது அந்நாளில் வழக்கம். இதை மறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. மறைத்தால் இந்த அம்மையாரின் வாழ்க்கையே விளங்காது. பின்னாளில் சட்டசபையில் அவர் எந்த வழக்கத்தை எதிர்த்து நின்றாரோ, அதன் நிழலில்தான் அவர் தாயின் வீடு இருந்தது.

பெண் பிள்ளை மேலே படிக்க ஆசைப்பட்டபோது ஊரில் பெரிய எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சம்மதித்ததால் 1904-ல் ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கிடைத்தது. மற்ற மாணவர்கள் கண்ணில் படாமல் இருக்கத் திரை கட்டி உட்கார வைத்தார்களாம். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மனைவியைச் சமமாக நடத்த வேண்டும், பொதுக் காரியங்களில் தடை சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டு செய்த கல்யாணம் அது. நூறு வருஷத்துக்கு முந்திய பேச்சு என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இனி சட்டசபை விஷயத்துக்கு வருகிறேன். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1921-ல். சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு என்பதால் மிகச் சிலருக்கே அது கிடைத்தது. தேர்தலில் நிற்கும் உரிமை 1926-ல்தான் வந்தது. அந்த ஆண்டே கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூர்ப் பக்கம் நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். ஒரு பெண்ணாவது சபையில் இருக்கட்டும் என்று இந்திய மாதர் சங்கத்தார் முயற்சி எடுக்க, அரசு முத்துலட்சுமியை நியமன உறுப்பினராக்கியது. அவர் உடனே துள்ளிக் குதித்து ஒத்துக்கொள்ளவில்லை. வைத்தியத் தொழில் என்ன ஆவது என்ற கவலை. பிறகு இசைந்து உள்ளே போனார். சபை அவரைப் போட்டியில்லாமல் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஆங்கிலேயர் நேராக ஆண்ட இந்தியாவில் சட்டசபைக்குப் போன முதல் பெண் அவர்தான். (சமஸ்தானங்களையும் சேர்த்தால், திருவிதாங்கூரில் மேரி புன்னன் லூக்கோஸ் அவருக்கும் முன்னால். அவரும் டாக்டர்தான் என்பது வேடிக்கையான ஒற்றுமை.)

சபையில் அவர் தொட்ட விஷயங்கள் பல. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண்களுக்குக் கட்டணமில்லாப் படிப்பு, பெண்களை வைத்து நடக்கும் வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம், குழந்தை மணத் தடுப்பு. இந்தக் கடைசி விஷயத்துக்கு 1929-ல் டில்லியில் சாரதா சட்டம் வந்து பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வைத்தது. ஆனால் நான் அதிக நேரம் உட்கார்ந்து படித்தது பொட்டுக்கட்டும் வழக்கம் பற்றிய சட்டத்தைத்தான். எல்லோரும் "தேவதாசி முறையை ஒழித்தார்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எப்படி ஒழித்தார்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதை ஒரு கடைக்காரன் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

கோயிலில் ஊழியம் செய்யும் தேவதாசிக் குடும்பத்துக்கு மானிய நிலம் உண்டு. அது சொந்த நிலம் அல்ல, ஊழியம் நடக்கிறவரைக்கும் அனுபவிக்கலாம் என்ற நிலம். ஊழியம் நின்றால் நிலம் போகும். ஆகவே கிழவி இருக்கும்போதே அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்டி வைத்தாக வேண்டும். மகள் இல்லை என்றால் தத்து எடுத்தாவது கட்ட வேண்டும்.

நம் மகாராஷ்டிரத்தில் பகடிக் கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு பகடிக் கடைக்காரனிடம், "உன் வீட்டில் தலைமுறைக்கு ஒரு பிள்ளை எங்களுக்கு ஊழியத்துக்கு வரணும், வந்தால் கடை உனக்கு, வராவிட்டால் சாவியைக் கொடு" என்று சொன்னால் என்ன ஆகும்? பத்துப் பேர் சாப்பிடும் வீடு, அந்த ஒரு பிள்ளையைத்தான் கொடுக்கும். அழுதுகொண்டே கொடுக்கும். அந்த வீட்டுக்குப் போய் "பிள்ளையைக் கொடுப்பது பாவம்" என்று உபதேசம் செய்து என்ன பயன்? குத்தகைச் சீட்டில் இருக்கும் அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும்.

முத்துலட்சுமி அம்மையார் செய்தது அதைத்தான். 1927 நவம்பரில் முதலில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை நிறுத்த அரசு சட்டம் செய்ய வேண்டும் என்று. தீர்மானம் நிறைவேறியது. தீர்மானம் என்பது சிபாரிசுதான், அரசு செய்தாலும் செய்யும், கிடப்பில் போட்டாலும் போடும். அதனால் காத்திருக்காமல், இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைத் தாமே கொண்டுவந்தார். அது 1929-ல் சட்டமாயிற்று. அதன் சாரம் இவ்வளவுதான்: தேவதாசிகள் அனுபவிக்கும் மானிய நிலத்தை ஊழியம் என்ற நிபந்தனையிலிருந்து விடுவிப்பது. நிலம் அவர்கள் கையிலேயே இருக்கும், அதற்கு ஒரு சிறு தீர்வை கட்டினால் போதும், அந்தத் தீர்வைப் பணம் கோயிலுக்குப் போகும். கோயிலுக்கும் அடியோடு நஷ்டமில்லை, அந்தக் குடும்பமும் தெருவுக்கு வராது. பெண்ணைக் கொடுத்தால்தான் சோறு என்ற கட்டாயம் மட்டும் அறுந்தது.

யாரையும் ஜெயிலில் போடாத சட்டம் அது. "பொட்டுக்கட்டினால் தண்டனை" என்று அதில் இல்லை. வரவு செலவுக் கணக்கு எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறதோ அங்கே அவிழ்த்த சட்டம். நான் எத்தனையோ குத்தகைப் பத்திரங்கள், பாகப் பத்திரங்கள் பார்த்தவன். சும்மா சொல்லக்கூடாது, இத்தனை சுருக்கமாக ஒரு முடிச்சை அவிழ்த்ததை வேறெங்கும் படித்ததில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சபையில் சத்தியமூர்த்தி போன்ற பெரிய பேச்சாளர்கள் மறுத்துப் பேசினார்கள். கோயில் வழக்கத்தில் சட்டம் கை வைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. அதைவிட யோசிக்க வைக்கும் எதிர்ப்பு தேவதாசிகளிடமிருந்தே வந்தது. சங்கம் சேர்ந்து மனுக்கள் அனுப்பினார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எடுத்துக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்த்தவர்களில் ஒருவர். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்களுக்குப் படிப்பு உண்டு, பாட்டு உண்டு, மற்ற வீட்டுப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமை உண்டு, எல்லோரையும் ஒரே வார்த்தையில் கெட்டவர்கள் என்று தள்ளுகிறீர்களே என்றார்கள். மகள் வழியாக இறங்கிய சொத்து பின்னாளில் வீட்டு ஆண்கள் கைக்குப் போனதையும், அந்தப் பரம்பரைகளின் ஆட்டம் வேறு மேடைகளுக்குப் போனபோது அவர்களில் பலர் பின்தங்கிவிட்டதையும் ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மறுபக்கம், அதே சமூகத்தில் பிறந்து பொட்டுக்கட்டுவதை ஊர் ஊராக எதிர்த்துப் பேசிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார்.

என் அபிப்பிராயம் கேட்டால், அம்மையார் இந்த எதிர்ப்பை இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். டாக்டர் கட்டியைப் பார்க்கிற மாதிரி அந்த வழக்கத்தைப் பார்த்தார், அறுத்தாக வேண்டும் என்று. ஆனால் பதினோரு வயதுப் பெண்ணுக்குப் பொட்டுக்கட்டும்போது அவளை யாரும் கேட்கவில்லையே என்ற அவருடைய கேள்விக்கு, எதிர்த்தவர்களின் மனுக்களில் பதில் இல்லை.

சட்டம் வந்துவிட்டது. அப்புறம்? 1930-ல், அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சில இளம்பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சென்னையில் சாதிக்கு ஒன்றாக விடுதிகள் இருந்தன, இவர்களை எந்த விடுதியும் சேர்க்கவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படி ஆரம்பித்ததுதான் ஔவை இல்லம். பிறகு அடையாறுக்கு இடம் மாறிப் பள்ளிக்கூடமும் தொழில் பயிற்சியுமாகப் பெரிசாக வளர்ந்தது. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்று நாலு தானம் சொல்வது எங்கள் சமண வழக்கம். சின்ன வயசில் மேல்சித்தாமூர் மடத்தில் கேட்டதை, ஔவை இல்லம் பற்றிப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

அதே 1930-ல் இன்னொன்றும் நடந்தது. உப்புச் சத்தியாகிரகத்தில் மே மாதம் காந்தியடிகளைக் கைது செய்தார்கள். முத்துலட்சுமி அம்மையார் உடனே சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். இது அவருடைய பெருமை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பெருமைதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பொட்டுக்கட்டுவதையே அடியோடு தடை செய்யும் இரண்டாவது மசோதா அப்போது பாதி வழியில் இருந்தது. சபையில் தூக்கிப் பிடிக்க ஆளில்லாமல் அது கிடப்பில் போயிற்று. 1947-ல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோதுதான் (அன்று முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள்) அந்தத் தடைச் சட்டம் நிறைவேறியது. நடுவே 17 வருஷம். அந்தப் பதினேழு வருஷத்தில் பொட்டுக்கட்டப்பட்ட பெண்களை நினைத்தால், இருந்து நிறைவேற்றிவிட்டுப் போயிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. காந்தியடிகள் சிறையில் இருக்கும்போது ஆங்கிலேயன் கொடுத்த நாற்காலியில் எப்படி உட்காருவது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் மனசு அவருக்கு. தம் சபை நாட்களைப் பற்றி "மை எக்ஸ்பீரியன்ஸ் ஆஸ் எ லெஜிஸ்லேட்டர்" என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் 1930-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். என்ன செய்தேன் என்று ஜனங்களுக்குக் கணக்கு ஒப்படைத்த மாதிரி.

இந்த இடத்தில் நம் மகாராஷ்டிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1980-களில் வசூலுக்காக நான் கோலாப்பூர், சாங்கிலிப் பக்கம் மாதாமாதம் போவேன். சடை விழுந்த தலையும் கையில் மூங்கில் கூடையுமாக எல்லம்மா பெயரைச் சொல்லிக் கடை வாசலில் நிற்கும் ஜோக்தின் பெண்களுக்குப் பைசா போட்டிருக்கிறேன், அவர்கள் யார் என்று யோசிக்காமலே. பிறகு படித்துப் பார்த்தால், பம்பாய் மாகாணத்தில் 1934-லேயே தேவதாசிப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நான் அந்தப் பெண்களைப் பார்த்தபோது சட்டத்துக்கு வயது ஐம்பது! கர்நாடகம் 1982-ல் புதுச் சட்டம் போட்டது, மகாராஷ்டிரம் 2005-ல் போட்டது. அங்கே முடிச்சு மானிய நிலத்தில் இல்லை. வறுமையிலும் நேர்ச்சையிலும் இருந்தது. சென்னையில் நிலத்தை அவிழ்த்த மாதிரி இங்கே எதை அவிழ்ப்பது என்று கண்டுபிடிக்க நாளாயிற்று.

கடைசியாக மருத்துவமனைக் கதை. அம்மையாரின் தங்கை சுந்தராம்பாள் 1923-ல் குடலின் கடைப்பகுதியில் வந்த புற்றுநோயால் இறந்தார். கூடவே இருந்து பார்த்தவர் அக்கா, அதுவும் டாக்டர். ஒன்றும் செய்ய முடியவில்லை. 1925-ல் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனபோது இலண்டனில் இதற்கென்றே தனி மருத்துவமனை இருப்பதைப் பார்த்தார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பேசினார். அரசிடம் கேட்டுக் கேட்டு அலுத்து, 1949-ல் மாதர் சங்கத்தின் வழியாக நிதி சேர்க்க ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 63. இந்த வயதில் கடைக் கணக்கை மகனிடம் கொடுத்துவிட்டு உட்காரலாமா என்று நான் யோசிக்கிறேன், அவர் வீடு வீடாக ரசீதுப் புத்தகத்தோடு போயிருக்கிறார். 1952 அக்டோபர் 10-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பொறுப்பேற்றார், 1955-ல் டாக்டர் சாந்தா சேர்ந்து 2021 ஜனவரியில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1968 ஜூலை 22-ல் காலமானார்.

தங்கை இறந்த வருஷத்துக்கும் மருத்துவமனை திறந்த வருஷத்துக்கும் நடுவே 31 வருஷம். நடுவில் அவர் சட்டசபைக்குப் போனார், வந்தார், அந்த நினைப்பை மட்டும் விடவில்லை. சட்டசபையில் செய்ததையும் அடையாறில் செய்ததையும் தனித்தனியாக எழுதுகிறார்களே, எனக்கு இரண்டும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கமாகத்தான் தெரிகிறது.

அக்காவுக்கு அங்கே ஆபரேஷனும் கதிர் சிகிச்சையும் ஆயிற்று. இரண்டரை மாதம் அடையாறில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நடக்கத் தெம்பு வந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் அவளே, "அந்தம்மா பொண்ணுங்களுக்குக் கட்டின வீடு இங்கதான் எங்கயோ இருக்குதாமே, பாத்துட்டு வரலாமா" என்று கேட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரம்மா சொல்லியிருக்கிறாள் போல. ஆட்டோவில் பெசன்ட் நகர்ப் பக்கம் போனோம். பள்ளி விட்டுப் பெண் பிள்ளைகள் சீருடையில் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போக அக்காவுக்குக் கூச்சம். ஆட்டோவை விட்டு இறங்காமலே, கூட்டம் கலைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் 14 வருஷம் இருந்தாள்.

தமிழ் வகுப்பு இப்போது எங்கள் கடை மாடியில் நடக்கிறது. ஞாயிறு காலை 10 மணிக்கு, பாத்திர மூட்டைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துவிடுவோம். போன வருஷம் வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்தபோது, பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர்களை அங்கேயே உட்கார வைத்துப் படிவங்களை நிரப்பினோம்.